தனக்குத் தானே கல்வெட்டு

பிப்ரவரி 8, சனி. டா நாங்

வந்து சேர்ந்தோம். இருபத்தாறு பேர், முப்பத்தொன்பது பெட்டிகள், ஒரு பிரஷர் குக்கர். விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டையில் முதலில் வந்தது குக்கர்தான். குருவம்மாள் கைதட்டினாள்.

குருவம்மாள் எங்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். எனக்கு அறுபத்தேழு, அவளுக்கு அறுபத்தைந்து. இன்னும் கழுத்தில் விசில் தொங்குவதுபோலத்தான் நடப்பாள். இந்த நோட்டும் அவள் வாங்கித் தந்ததுதான். "பள்ளிக்கூடத்துல ஊர்ப்பட்ட பிள்ளைகளைப் பயணக் கட்டுரை எழுத வச்ச. இப்ப நீ எழுது பாப்போம்" என்றாள்.

நம் பக்கத்துக்காரர்கள் கூட்டமாக வெளிநாடு போனால் சமையல்காரரையும் அழைத்துக்கொண்டு போவது இப்போது வழக்கமாகிவிட்டது. வியட்நாமைக் கண்ணால் பார்ப்பார்கள், வாயில் வைக்கமாட்டார்கள். ஹோட்டல்காரர்கள் பின்பக்கம் ஓர் அறை ஒதுக்கித் தருகிறார்கள். மாலை ஆறு மணிக்கு டா நாங் கடற்கரையில் பெருங்காய வாசனை.

சாப்பாட்டு வரிசையில் நின்றபோது சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து என் காலைத் தொட்டார். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் வியர்வை.

"டீச்சர், என்னையத் தெரியுதா? சோலைச்சாமி. தொண்ணூத்தொம்பது பேட்ச். கணக்குல அறுபத்திரெண்டு."

எங்கள் பிள்ளைகள் பெயரோடு மதிப்பெண்ணையும் சேர்த்தேதான் சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஒண்டிமுத்துவின் மகன். தெரியாமல் இருக்குமா?

"நீங்க இல்லேன்னா நான் பத்தாவதைத் தாண்டியிருக்க மாட்டேன் டீச்சர். எங்க அண்ணன் பரமனும் நம்ம ஸ்கூல்தான், ஒம்பதாவது வரைக்கும். ஞாபகம் இருக்கா?"

எத்தனையோ பிள்ளைகள். சரியாக நினைவில்லை என்றேன்.

குருவம்மாள் தட்டில் சாதத்தை அளந்துகொண்டிருந்தாள். 

பிப்ரவரி 9, ஞாயிறு. ஹுவே

பழைய அரசர்களின் தலைநகருக்குப் பஸ்ஸில் வந்தோம். வழியெல்லாம் தூறல். மலை, கடல், பிறகு நெல்வயல். வயலுக்கு நடுவே வீடுபோல் வண்ண வண்ணமாகக் கட்டியிருப்பவை கல்லறைகளாம். உழுகிறவன் தாத்தாவைச் சுற்றித்தான் உழுகிறான்.

காலை ஐந்தரைக்கே கதவு தட்டும் சத்தம். சோலைச்சாமி கையில் டீ. "டீச்சருக்குத்தான் முதல் டீ. இது பதினஞ்சு நாளா இருந்தாலும் அப்படித்தான்." எங்கள் பயணம் எட்டு நாள்தான் என்றேன். "கணக்கு டீச்சர்ல" என்று சிரித்தார்.

ஜெயசுதாவிடமிருந்து மறுபடி செய்தி. என் பழைய மாணவி. பள்ளி நூற்றாண்டு மலர்க் குழுவின் செயலாளர். தொடர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி தந்த தலைமை ஆசிரியை என்று என்னைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை வேண்டுமாம். அதை நானே எழுதித் தரவேண்டுமாம். "உங்களைவிட நல்லா யாரு டீச்சர் எழுதுவா? எழுதி அனுப்புங்க, நாங்க மாணவர்கள் பேர்ல போட்டுக்கிறோம்" என்கிறாள். பதினேழாம் தேதிக்குள் அனுப்பவேண்டும்.

மதியம் தொடங்கினேன். "அன்பே வடிவான எங்கள் தலைமை ஆசிரியை" என்று முதல் வரி. நானே எனக்கு. அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று அரண்மனை. எங்கள் வழிகாட்டிப் பெண்ணின் பெயர் லான். முப்பது வயது. நீலநிற நீண்ட அங்கி, அதற்குமேல் மழைக்கோட்டு. அவள் ஆங்கிலத்தில் சொல்வதை எங்களோடு வந்த சுற்றுலா மேலாளர் தமிழில் சொல்கிறார். ஆனால் அவள் ஐந்து வாக்கியம் சொன்னால் இவர் ஒன்றுதான் சொல்கிறார். அதனால் நான் லானை ஒட்டியே நடந்தேன்.

தெற்கு வாசலுக்கு ஐந்து வழிகள். நடுவழி அரசருக்கு மட்டும். இரண்டு பக்கமும் அதிகாரிகளுக்கு. ஓரத்தில் இருக்கும் வளைவுகள் படைவீரர்களுக்கும் யானைகளுக்கும் குதிரைகளுக்கும். "நாம எதுல போறது?" என்று கேட்டாள் குருவம்மாள். ஓர வழியைக் காட்டினார்கள். "சரிதான், ஆனைக்கு உள்ளதுதான் நமக்கு" என்று இடுப்பைத் தட்டிக்கொண்டு நடந்தாள்.

உள்ளே சிவப்பு அரக்கு பூசிய எண்பது தூண்கள் கொண்ட சிம்மாசன மண்டபம். முற்றத்தில் வரிசையாகச் சிறு கற்கள் நட்டிருக்கிறார்கள். எந்தத் தகுதியுடைய அதிகாரி எங்கே நிற்கவேண்டும் என்று கல்லில் எழுதியிருக்கிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வகுப்புவாரியாக நிற்க நாம் சுண்ணாம்புக் கோடு போடுவோமே, அதேதான். மழை அழிக்காத கோடு.

அதற்குப் பின்னால் போனால் புல்வெளி. அரசரும் அவர் குடும்பமும் வாழ்ந்த பகுதி இருந்த இடமாம். போர்களில் பெரும்பாலும் அழிந்துவிட்டது. அடித்தளக் கற்கள் மட்டும் இருக்கின்றன. மழையில் அந்தப் புல் அவ்வளவு பச்சையாக இருந்தது. படம் எடுத்தவர்கள் எல்லாம் மண்டபத்தைத்தான் எடுத்தார்கள். எனக்கு அந்தப் புல்லைத்தான் பார்க்கத் தோன்றியது. இருப்பதை எல்லாரும் எண்ணுகிறார்கள். இல்லாததை யார் எண்ணுவது?

முன்னோர் கோயிலுக்கு எதிரே ஒன்பது வெண்கலக் கொப்பரைகள். ஆள் உயரம். ஒவ்வொன்றும் ஓர் அரசருக்கு. அவற்றின்மேல் அந்த நாட்டில் உள்ளதெல்லாம் புடைத்து நிற்கிறது: ஆறு, மலை, மீன், கப்பல், மரம். நான் ஒரு கொப்பரையில் பலாவைக் கண்டுபிடித்தேன். குருவம்மாள் இன்னொன்றில் பாக்கு மரத்தைக் கண்டுபிடித்தாள். மற்றவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் குடை பிடித்துக்கொண்டு ஒன்பதையும் சுற்றினோம். லான் சிரித்துக்கொண்டே காத்திருந்தாள்.

சாக்ஸ் இரண்டு ஜோடியும் ஈரம். முடி உலர்த்தும் கருவியால் சாக்ஸை உலர்த்தினேன். நன்றாக உலர்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

படகில் போனோம். ஆற்றின் பெயர் நறுமண ஆறு. எனக்கு டீசல் மணம்தான் வந்தது. குருவம்மாளுக்கு ஜலதோஷம், அதுவும் இல்லை.

மிங் மாங் என்ற அரசரின் சமாதி. சமாதி என்றால் ஒரு மேடை என்று நினைத்திருந்தேன். இது ஒரு ஊர். ஏரி, பாலம், மண்டபம், மறுபடி பாலம், எல்லாம் நேர்கோட்டில், அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல. கடைசியில் வட்டமான மதில், பூட்டிய வெண்கலக் கதவு. அதற்குள் காடு மண்டிய ஒரு மேடு. ஆண்டுக்கு ஒருமுறைதான் கதவைத் திறப்பார்களாம். அந்த மேட்டுக்குள் அரசர் எங்கே படுத்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாதாம்.

முன்பக்கம் கல்வெட்டு மண்டபம். லான் ஒரு வழக்கத்தைச் சொன்னாள். அரசர் இறந்ததும் பட்டத்துக்கு வரும் மகன், அப்பாவின் பெருமைகளையெல்லாம் எழுதிக் கல்லில் வெட்டி நிறுத்தவேண்டும். இந்தக் கல்லையும் மகன்தான் எழுதினார். "குறை ஏதாவது எழுதியிருக்கிறாரா?" என்று கேட்டேன். லான் யோசித்துவிட்டு, "மேடம், அப்பாவைப் பற்றி மகன் எழுதினால் குறை எப்படி வரும்?" என்றாள்.

எனக்கு ஜெயசுதாவின் செய்தி நினைவுக்கு வந்தது. மாணவர்கள் பேரில் போட்டுக்கொள்கிறார்களாம்.

மதியம் படகுத்துறையில் பொட்டலச் சாப்பாடு. புளிசாதம், உருளைக்கிழங்கு வெஞ்சனம், அப்பளம் நமத்துப்போயிருந்தது. கூட்டம் முடிந்ததும் சோலைச்சாமி தன் பொட்டலத்தோடு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். போனில் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் காட்டினார்.

"அண்ணன் மக கல்யாணம் டீச்சர். பரமன் மக. இந்த மாசி பதினொண்ணு, வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு. படிச்சுப் பாருங்க."

படித்தேன். பெண்ணின் அப்பா, அம்மா, தாய்மாமன், சித்தப்பா சோலைச்சாமி எல்லாரும் இருந்தார்கள். பத்திரிகையில் முதலில் வரவேண்டிய தாத்தா பெயர் இல்லை.

"எங்கப்பா இருக்காரு டீச்சர். எழுவத்தொம்பது. என் வீட்லதான். அண்ணன் வீடு நாலு வீடு தள்ளி. இருவத்தேழு வருசமாப் பேச்சு இல்ல. பேரு போடல, கூப்பிடவும் மாட்டேன்ட்டான்."

"ஏன்?" என்று கேட்டது குருவம்மாள். என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல இருந்து அப்பா அவனை நிப்பாட்டிட்டாருல்ல. டீக்கடைக்கு ஆள் வேணும்னு. என்னையப் படிக்க வச்சாரு. பெத்த பிள்ளைல ஒண்ணைக் கிளாஸ் கழுவ விட்டு ஒண்ணைப் படிக்க வச்சாருன்னு அவனுக்கு ஆறல. அப்பாவக் கேட்டா, 'ஆமா, நான்தான் நிப்பாட்டினேன், என்ன இப்ப?'ம்பாரு. அதுக்கு மேல ஒரு வார்த்த வராது." அப்பளத்தை ஒடித்தார். "இதுல கூத்து என்னன்னா, பத்தாவது பாஸ் பண்ணின நான் தோச சுடுறேன். அவன் மினி பஸ் ஓட்றான், சொந்த பஸ்."

பேத்தி கழுத்தில் தாலி ஏறுவதைத் தெருவில் நின்று கேட்டுக்கொள்வதாக அப்பா சொன்னாராம். மேளச் சத்தம் கேட்குமாம்.

நல்ல வெயில் அடித்தது அப்போது. ஹுவேயில் முதல் வெயில்.

பிப்ரவரி 11, அறைக்கு வந்தபின்

சரியாக நினைவில்லை என்று எட்டாம் தேதி எழுதியிருக்கிறேன். அது பொய். பரமனை நன்றாக நினைவிருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

இன்று பார்த்தது தூ தக் என்ற அரசரின் சமாதி. எழுத நிறைய இருக்கிறது. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

இது சமாதி மாதிரியே இல்லை. பைன் மரக்காட்டுக்குள் ஓர் ஏரி, ஏரிமேல் மரத்தூண்களில் ஒரு மண்டபம். அரசர் உயிரோடு இருக்கும்போதே இதைக் கட்டி, ஓய்வெடுக்க வருவாராம். அந்த மண்டபத்தில் உட்கார்ந்து கவிதை எழுதுவாராம். தாமரை இலைமேல் சேர்ந்த பனித்துளியைச் சேகரித்து அவருக்குத் தேநீர் போடுவார்கள் என்று சொல்வார்களாம். "இத ஒண்டிமுத்துகிட்ட சொல்லணும்" என்றாள் குருவம்மாள். அவள் அந்தப் பெயரை வேண்டுமென்றே சொன்னாள்.

இதைக் கட்ட ஆட்களைக் கட்டாயமாக இழுத்துவந்திருக்கிறார்கள். அவர்கள் ஒருநாள் கலகம் செய்திருக்கிறார்கள். கலகத்தை அடக்கிவிட்டு, அரசர் இந்த இடத்தில் உள்ள ஒவ்வொரு கட்டடத்துக்கும் வாசலுக்கும் "பணிவு" என்று வரும்படி பெயர் வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளி ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் சுவரெல்லாம் "உண்மையே பேசு" என்று நாங்கள் எழுதி ஒட்டுவோம்.

கல்லில் செய்த அதிகாரிகள் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். என் தோளுயரம்கூட இல்லை. அரசர் குள்ளமாம். அவரைவிட யாரும் உயரமாக நிற்கக்கூடாதென்று சிலைகளைச் சிறிதாகச் செய்தார்களாம்.

பிறகு கல்வெட்டு மண்டபம். ஒரே கல், இருபது டன் என்றாள் லான். தொலைவிலிருந்து கொண்டுவர ஆண்டுக்கணக்கில் ஆகியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக எழுத்துகள். பாசி பிடித்திருந்தது. மனைவிகள் நூறு பேருக்கு மேல் இருந்தும் இந்த அரசருக்குக் குழந்தை இல்லை. எழுத மகன் இல்லாததால், தன் கல்வெட்டைத் தானே எழுதியிருக்கிறார்.

"அப்போ பெருமை நிறைய இருக்குமே?" என்றேன்.

"இல்லை மேடம். தன் தவறுகளை எழுதியிருக்கிறார். உடம்பு பலவீனம், ஆட்களைச் சரியாகத் தெரிந்தெடுக்கவில்லை, நாட்டின் தெற்குப் பகுதியை அந்நியரிடம் இழந்தேன், குற்றம் என்னுடையது என்று."

கையில் குடை இருந்ததை மறந்து நின்றேன். வகுப்பில் சொல்வதானால் இப்படிச் சொல்வேன்: ஒரு மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்தி, தன் மதிப்பெண்ணைத் தானே குறைத்து, அதைப் பள்ளிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

குருவம்மாளிடம் சொன்னேன்: "மலருக்கு நானும் இப்படித்தான் எழுதப் போறேன். என் பேர்லயே. பரமனைப் பத்தி."

அவள் கல்லை மேலும் கீழும் பார்த்தாள். "ஏ நாயகி, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றதுக்கு இம்புட்டுப் பெரிய கல்லா? கல்லு தூக்கினவன்ல ஒருத்தனக் கூப்பிட்டுச் சொன்னாரா இவரு? இது யாரு படிக்க? நீ மலர்ல எழுது, எழுதாமப் போ. அதை ஒண்டிமுத்து வீட்ல எவன் படிக்கப் போறான்? சமையக்கட்டு அங்கிட்டுத்தான இருக்கு. நடந்து போனா ரெண்டு நிமிசம்."

இனி அதையும் எழுதிவிடுகிறேன்.

1998 மே மாதம். முந்தைய ஆண்டு எங்கள் பள்ளி முதன்முறையாக நூறு சதவீதம் வாங்கியிருந்தது. மாவட்டமே பேசியது. அதை விடக்கூடாது என்று இருந்தேன். சதவீதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. மேலே உள்ள தொகுதியைக் கூட்டுவது கஷ்டம், ஓராண்டு உழைக்கவேண்டும். கீழே உள்ள பகுதியைக் குறைப்பது சுலபம், ஒரு காகிதம் போதும். எழுபத்தொரு பேரில் மூன்று பேர் தேறமாட்டார்கள் என்று தோன்றினால், அந்த மூன்று பேர் எழுபத்தொன்றில் இல்லாமல் போகவேண்டும். அவ்வளவுதான். எல்லாப் பள்ளிகளும் செய்கின்றன என்று சொல்லிக்கொண்டேன்.

பரமன் ஒன்பதாவதில் ஒருமுறை தங்கியவன். அதனால் தம்பியோடு ஒரே வகுப்பு. கணக்கு வராது. எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்தில் இரண்டாவது. குருவம்மாள் என் அறைக்கு வந்து, "ஒரு வருசம் குடு, நான் பாத்துக்கறேன்" என்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் அவள் என்னோடு பேசவில்லை.

ஒண்டிமுத்துவை வரச்சொன்னேன். ஈரத்துண்டோடு வந்து நின்றார், உட்காரவில்லை. இவன் எழுதினால் பெயிலாவான், மனம் உடைந்துபோகும், நீங்களே டி.சி. கேட்டு எழுதிக் கொடுங்கள், பிறகு தனித்தேர்வராக எழுதிக்கொள்ளட்டும் என்றேன். நான் சொன்னதாகப் பையனுக்கோ வெளியிலோ தெரியவேண்டாம் என்றும் சொன்னேன். பையனின் மனசுக்காக என்று அப்போது நினைத்தேன். இல்லை, அதுவும் பொய். ஆய்வில் வந்தால் பெற்றோர் விருப்பத்தின் பேரில் என்று இருக்கவேண்டும், அதற்காக.

அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். விண்ணப்பத்தை நானே எழுதினேன். "குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனின் படிப்பை நிறுத்திக்கொள்ள விரும்புகிறேன்." பிறர் பேரில் எழுதுவது எனக்குப் புதிதில்லை. அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை வரைந்தார். "யார்ட்டயும் சொல்லமாட்டேன் டீச்சர். சத்தியம்" என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளில் முப்பத்துநான்கு பேர். பெயர்கள் எல்லாம் தெரியும்.

பிப்ரவரி 13, வியாழன்

விடியற்காலை. அவர் டீ கொண்டுவருவதற்கு முன்னால் நானே பின்கட்டுக்குப் போனேன்.

சோலைச்சாமி சட்னிக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தார். இட்லிக் கொப்பரையில் ஆவி. என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. சொன்னேன். நேற்று எழுதிய வரிசையிலேயே சொன்னேன், அதைவிடச் சின்னதாக.

தேங்காய் கீறுவது நிற்கவில்லை. கீறிக்கொண்டே கேட்டார்.

"அப்பா நிப்பாட்டலையா?"

"இல்ல."

"கடைக்கு ஆள் வேணும்னு..."

"அது நான் எழுதினது. குடும்பச் சூழ்நிலைன்னு. உங்கப்பா கையெழுத்து மட்டும்தான் போட்டார். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நான்தான் கேட்டேன்."

கத்தியைக் கீழே வைத்தார்.

"எங்கம்மா சாகும்போதுகூடக் கேட்டுச்சு டீச்சர். 'அவன் மனசு ஆறுறாப்ல ஒரு வார்த்த சொல்லிருங்க'ன்னு. சொல்லலையே மனுசன்." பிறகு, "நாங்க எல்லாரும் அவரைத் திட்டியிருக்கோம். நானும்தான்."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். தலையை ஆட்டித் தடுத்தார்.

"இட்லி வேகல இன்னும். நீங்க போங்க டீச்சர்."

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று டீ வரவில்லை. சாப்பாட்டு அறையில் எல்லாரோடும் வரிசையில் நின்று வாங்கினேன். என் முன்னால் பதினோரு பேர்.

காய் தின் என்ற அரசரின் சமாதிக்குப் போனோம். வெளியே கறுப்பேறிய சிமெண்டு. உள்ளே போனால் சுவர் முழுக்க உடைந்த பீங்கான், உடைந்த கண்ணாடி, பாட்டில் துண்டுகள். அவற்றை ஒட்டி ஒட்டிப் பூவும் பழமும் கடிகாரமும் செய்திருக்கிறார்கள். கிட்டே போனால் துண்டு. தள்ளி நின்றால் தாமரை. மேற்கூரையில் மேகத்துக்குள் டிராகன்கள். வரைந்த ஓவியர் காலால் வரைந்தார் என்று ஒரு கதை உண்டாம். லான் தனக்கு அதில் நம்பிக்கையில்லை என்றாள். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது.

படிகள் நூற்றுக்கு மேல். குருவம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். "சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். "சொல்லிட்டேன்." "முட்டியப் பாத்து ஏறு" என்றாள்.

பிப்ரவரி 15, சனி. விமான நிலையம்

குக்கரைக் கட்டிக்கொண்டிருந்த சோலைச்சாமி கயிற்றை விட்டுவிட்டு வந்தார்.

"நேத்து அண்ணன்கிட்ட போன்ல சொல்லிட்டேன் டீச்சர்."

"என்ன சொன்னான்?"

"கேட்டுட்டு வச்சிட்டான். பொண்டாட்டிதான் அப்புறம் பேசுச்சு, பஸ்ஸ ஷெட்லயே போட்டுட்டு உக்காந்துருக்காராம்." திரும்பிப் போகப் பார்த்தவர் நின்றார். "ஒண்ணு கேக்கவா? என்னையும் அன்னைக்கு எடுத்துருப்பீங்களா? அந்த லிஸ்ட்ல நான் இருந்தேனா?"

இல்லை என்றேன். அது உண்மை. நான்காவது பெயராக யோசித்தேன், எழுதவில்லை. அதையும் சொன்னேன்.

"ம்" என்றார். பெட்டிகளோடு என் பையையும் சேர்த்துத்தான் தூக்கிப்போனார்.

பிப்ரவரி 17, திங்கள். வீடு

கட்டுரையை அனுப்பினேன். என் பெயரில். பாராட்டு இரண்டு பத்தி, அது ஆசிரியர்களுக்கு. மீதி முப்பத்துநான்கு பேருக்கு. பெயர்களைப் போடவில்லை, அவர்கள் பெயரைப் போட எனக்கு உரிமை இல்லை. பெற்றோர் விருப்பம் என்று பதிவேட்டில் இருப்பதெல்லாம் என் விருப்பம் என்று எழுதினேன்.

பத்து நிமிடத்தில் ஜெயசுதா கூப்பிட்டாள். "டீச்சர், இதெல்லாம் எதுக்கு? விழாவுக்குப் பெரிய பெரிய ஆளெல்லாம் வர்றாங்க. நூறு சதவீதம்னு வரவேற்பு வளைவே எழுதியாச்சு."

"வளைவு உன் இஷ்டம்மா. என் பேர்ல வர்றதா இருந்தா இதுதான்."

யோசிக்கிறேன் என்றாள்.

பிப்ரவரி 19, புதன்

ஒண்டிமுத்து வீட்டுக்குப் போனேன். குருவம்மாள் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். தெருமுனை வரை வந்து, மளிகைக்கடையில் நின்றுகொண்டாள்.

வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. ஒன்று பெரியது, டிரைவர்கள் போடும் தோல் செருப்பு.

ஒண்டிமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மிகவும் சுருங்கிப்போயிருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்தில் மேசைமேல் கல்யாணப் பத்திரிகை. பெண் வீட்டார் பெயர்களுக்கு மேலே நீல மையில், கையால், அவர் பெயர் எழுதியிருந்தது.

நான் வாய் திறப்பதற்குள் அவர் பேசினார்.

"என்ன டீச்சர், சொல்லிட்டீங்களாமே. நான் சத்தியம் பண்ணியிருந்தேன்ல. இருவத்தேழு வருசம் காப்பாத்தினேன். நீங்க ஒடச்சிட்டீங்களே." அவர் கோபமாகச் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. கண் கலங்கியிருந்தது.

"நீங்க என்னையக் காட்டிக் குடுத்திருக்கலாம் ஒண்டிமுத்து."

"வாக்குக் குடுத்துட்டு எப்படிங்க?"

அடுப்படியிலிருந்து பரமன் வந்தான். நரைத்த மீசை. ஓடுகிறவனின் கால்கள் இன்னும் அப்படியே இருந்தன. கையில் ஒரு டம்ளரும் ஒரு குவளையும். என் முன்னால் நின்று, ஒரு சொட்டுச் சிந்தாமல் டீயை உயரத்திலிருந்து ஆற்றினான். ஆற்றிக்கொண்டே கேட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் எழுதியிருந்தா பெயிலாயிருப்பேனா டீச்சர்?"

முப்பத்தைந்து ஆண்டு கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். எந்தக் கேள்விக்கும் ஓர் எடுத்துக்காட்டு வைத்திருப்பேன். 

"எனக்குத் தெரியாது பரமா. இனி யாருக்குமே தெரியப்போறதில்ல. அப்படி நான்தான் பண்ணிட்டேன்."

ஆற்றுவதை நிறுத்தினான்.  பிறகு டம்ளரை என் கையில் தந்துவிட்டு, அப்பாவுக்கு ஊற்றப் போனான்.

சீனி வேணுமா என்று அவன் கேட்கவில்லை. போடவும் இல்லை. முழுதும் குடித்தேன்.